பழைய ஓட்டோ கியர் காருக்கு எந்தச் சிவப்பு ஒயில்?

எங்கள் வீட்டு டொயோட்டா கொரோலா 121 ஒரு நாள் பளைக்கும் ஆனையிறவுக்கும் நடுவில் நடுங்கத் தொடங்கியது. 60, 65 வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது மட்டும், கல்லுப் பரவிய றோட்டில் சில்லு ஏறினதுபோல ஒரு அதிர்வு. அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் நிற்கும், மெல்ல மிதித்தால் திரும்ப வரும். ஏ9 றோட்டில் அந்த இடத்தில் கல்லும் இல்லை, குழியும் இல்லை. ரயர் பாலன்ஸ் பிழை என்றார் ஒருவர், எஞ்சின் மவுண்ட் என்றார் இன்னொருவர், கடைசியாகப் பார்த்தவர் கியர் பொக்ஸ் முடிந்துவிட்டது, கொழும்பில் இருந்து றிகண்டிஷன் ஒன்று எடுத்துப் போடுங்கோ என்றார். அப்பா காசு புரட்டவே தொடங்கிவிட்டார்.

உண்மையில் நடந்தது என்னவென்றால், இரண்டு மாதத்துக்கு முன் சேர்விசுக்கு விட்ட இடத்தில் கியர் பொக்ஸ் ஒயிலையும் மாற்றியிருந்தார்கள். அந்தக் காருக்கு வேண்டியது ரி-4 (T-IV) என்ற வகை. ஊற்றியது டெக்ஸ்ரோன்-3 (Dexron III) என்ற வேறு வகை. இரண்டும் சிவப்பு, கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மணத்தில்கூடத் தெரியாது. சரியான ஒயிலை வாங்கி மூன்று தடவை மாற்றிய பிறகு நடுக்கம் போனது, கியர் பொக்சைக் கழற்றவே வேண்டி வரவில்லை. அன்றிலிருந்து ஓட்டோ கார், அதாவது தானாகக் கியர் மாற்றும் கார், வைத்திருக்கும் யாரைக் கண்டாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன்: உங்கள் காருக்கு எந்த ஒயில் என்று உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் வரும் பதில், "சிவப்பு ஒயில்தானே?"

நம்முடைய பக்கத்தில் இது ஏன் இவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. யுத்த காலம் முழுக்க யாழ்ப்பாணத்தில் ஓடியது ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள், மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள், எல்லாம் கையால் கியர் போடுகிறவை. அந்தக் கியர் பொக்சை இருட்டில் கழற்றிப் பூட்டக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடம் இருக்கிறார்கள். 2009க்குப் பிறகு ஏ9 திறந்து, கொழும்பில் இருந்து ஜப்பான் கார்கள் தாராளமாக வரத் தொடங்கிய பிறகுதான் ஓட்டோ கியர் இங்கே வீட்டுக்கு வீடு வந்தது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இன் தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடமும், அதற்குப் பிறகு வந்த விலையும் சேர்ந்து, 20, 25 வருடக் கார்களை நம் கையிலேயே வைத்துவிட்டது. இவற்றை இன்னும் பத்து வருடம் ஓட்டத்தான் போகிறோம். அப்படியென்றால் கியர் பொக்சுக்குள் என்ன ஊற்றுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த ஒயில் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். எஞ்சின் ஒயிலுக்கு வழுக்க வைப்பதும் குளிர வைப்பதும்தான் முக்கிய வேலை. ஓட்டோ கியர் ஒயிலுக்கு அந்த இரண்டோடு இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று, அதுதான் கை: நீங்கள் கியர் மாற்றாமல் இருக்கும்போது உங்களுக்காக மாற்றுவது அந்த ஒயிலின் அழுத்தம்தான், சிறிய சிறிய வால்வுகளுக்குள் ஓடி, கிளச் தட்டுகளை நெரிக்கிறது. மற்றது, அந்தத் தட்டுகள் ஒயிலுக்குள் நனைந்துகொண்டே ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும், அதுவும் எந்த நேரத்தில் எவ்வளவு என்ற கணக்கோடு. கிணற்றடிக் கல்லில் பாசி பிடித்திருந்தால் கால் வைத்தவுடன் சறுக்கும், பாசியே இல்லாத காய்ந்த கல்லென்றால் கால் சட்டென்று நிற்கும். கியர் பொக்ஸ் செய்தவர் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைத் தெரிவு செய்து, அதற்கேற்றபடி தட்டின் மேற்பூச்சையும் வால்வின் அழுத்தத்தையும் கணினியின் கணக்கையும் வைத்திருக்கிறார். அந்த அளவைத் தருவது ஒயிலில் கலந்திருக்கும் இரசாயனம். போத்தலில் உள்ள பெயர் மாறினால் அந்த அளவு மாறுகிறது. சிவப்பு நிறம் வெறும் சாயம், ஒழுகினால் இது எஞ்சின் ஒயில் இல்லை என்று கண்டுபிடிப்பதற்காகச் சேர்த்தது.

எங்கள் காரில் நடுங்கியது, எஞ்சினுக்கும் கியர் பொக்சுக்கும் நடுவில் உள்ள ரோர்க் கொன்வேர்ட்டருக்குள் இருக்கும் லொக்-அப் கிளச். சீரான வேகத்தில் போகும்போது எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காக அது எஞ்சினையும் கியர் பொக்சையும் நேராகப் பூட்டிவிடும். 90களின் பிற்பகுதியில் வந்த ஜப்பான் கார்களில் பல, முழுதாகப் பூட்டாமல் கொஞ்சம் வழுக்க விட்டே பிடிக்கின்றன, அதைத் தாங்கும்படி செய்த ஒயில்தான் ரி-4 போன்றவை. பழைய வகை ஒயிலை ஊற்றினால் அந்தக் கிளச் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நடுங்கும்.

இந்த வகைகள் எல்லாம் எங்கே தொடங்கின என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பெயர்கள் கேட்டுக் குழம்பாமல் இருக்க அது உதவும். ஜெனரல் மோட்டர்ஸ் 1949இல் டைப் ஏ என்று ஒரு வகையை வெளியிட்டது. அந்தக் காலத்து ஒயிலில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள், தட்டு மெல்லப் பிடிப்பதற்கு அதைப்போல வேறொன்று கிடைக்கவில்லை. 1973இல் அமெரிக்காவில் அழியும் உயிரினங்களுக்கான சட்டம் வந்ததும் அது நின்றது. அதே ஆண்டுகளில் வந்தது டெக்ஸ்ரோன்-2. 1993 வாக்கில் டெக்ஸ்ரோன்-3, 2005இல் டெக்ஸ்ரோன்-6. ஃபோர்ட் தன் வழிக்கு டைப் எஃப் என்று ஒன்றை வைத்திருந்தது, அது சட்டென்று பிடிக்கிற வகை. 80களின் தொடக்கம் வரை டொயோட்டாவின் சில கியர் பொக்சுகளும் அதையே கேட்டன. ஜப்பான் கம்பனிகள் முதலில் டெக்ஸ்ரோன்-2 ஊற்றச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வகை செய்துகொண்டது. நம்மிடம் உள்ள கார்கள் பெரும்பாலும் இந்த மாற்றம் நடந்த நேரத்தில் வந்தவை, அதனால்தான் ஒரே பெயருள்ள கார்களுக்குள்ளேயே ஒன்றுக்கு ஒரு ஒயில், மற்றதுக்கு வேறு ஒயில்.

சரி, உங்கள் காருக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொனட்டைத் திறவுங்கள். கியர் பொக்ஸ் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து எடுங்கள், எஞ்சின் ஒயில் கம்பி இல்லை, மற்றது. துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டொயோட்டாவில் பல கம்பிகளில் ஒயிலின் பெயரையே பொறித்திருப்பார்கள், கண்ணாடி போட்டுத்தான் வாசிக்க வேண்டும், அவ்வளவு சின்ன எழுத்து. அங்கே ரி-4 என்று இருந்தால் கதை முடிந்தது, கடைக்காரர் என்ன சொன்னாலும் ரி-4. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எஞ்சினோ கியர் பொக்சோ ஏற்கெனவே மாற்றிய கார் என்றால் கம்பி வேறு காரில் இருந்து வந்ததாக இருக்கலாம்.

அதனால் அடுத்தது தகடு. டொயோட்டாவிலும் நிசானிலும் எஞ்சின் அறையின் பின் சுவரிலோ கதவுத் தூணிலோ ஒரு உலோகத் தகடு அடித்திருக்கும், அதில் மொடல், எஞ்சின், நிறம் எல்லாவற்றோடும் கியர் பொக்சின் குறியீடும் இருக்கும். 121இல் யு340ஈ என்பதுபோல. கொரோலா 110இன் நாலு கியர் ஓட்டோ என்றால் ஏ245ஈ. அந்தக் குறியீட்டை வைத்து இணையத்தில் தேடினால் காரின் பெயரை வைத்துத் தேடுவதைவிடச் சரியான பதில் வரும், ஏனென்றால் அமெரிக்காவில் விற்ற கொரோலாவும் ஜப்பானில் விற்ற கொரோலாவும் ஒன்றில்லை. காரோடு வந்த ஜப்பான் மொழிப் புத்தகம் டாஷ்போட் பெட்டிக்குள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். கடைசிப் பக்கங்களில் ஒயில் அட்டவணை இருக்கும், போனின் கமராவை அதன் மேல் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும்.

இங்கே நின்று ஒரு விஷயத்தை உறுதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்களுடையது சாதாரண ஓட்டோவா, சி.வி.ரி.யா? சி.வி.ரி.யில் கியர் என்று ஒன்று இல்லை, இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஒரு உருக்குப் பட்டி ஓடுகிறது, அந்தப் பட்டி சறுக்காமல் பிடிப்பது முழுக்க அதற்கென்று செய்த ஒயிலின் கையில்தான் இருக்கிறது. அதற்குள் ஏ.ரி.எஃப். என்கிற சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டி சறுக்கிக் கப்பியைக் கீறிவிடும், அதற்குப் பிறகு எந்த ஒயிலும் காப்பாற்றாது. அக்சியோ 141 பெரும்பாலும் சி.வி.ரி., வெளிநாட்டுக்குச் செய்த கொரோலா 141இல் நாலு கியர் ஓட்டோவும் உண்டு. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: மெல்ல வேகம் எடுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனால் சாதாரண ஓட்டோ, ஒரே இழுவையாகப் போனால் சி.வி.ரி. ஆனாலும் தகட்டில் உள்ள குறியீட்டைப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகே காசைக் கொடுங்கள்.

இப்போது வகை வகையாகச் சொல்கிறேன், இங்கே அதிகம் ஓடுகிற கார்களை மட்டும்.

டொயோட்டாவில், கொரோலா 100, 110, அந்தக் காலத்துக் கரினா, ஓட்டோவாக வந்த பழைய வான்கள், இவற்றில் பெரும்பாலும் டி-2, அதாவது டெக்ஸ்ரோன்-2. இன்றைக்கு டெக்ஸ்ரோன்-2 தேடி அலைய வேண்டாம், நல்ல டெக்ஸ்ரோன்-3 அதற்குப் போதும், இரண்டும் கலந்தாலும் பிரச்சினை இல்லை. இதில் ஒரு நுணுக்கம், பழைய மூன்று கியர் ஓட்டோவில், ஏ131எல் என்ற குறியீடு உள்ளதில், டிஃபரன்ஷலுக்கு, அதாவது இரண்டு பக்கச் சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதிக்கு, ஒயில் தனியறையில் இருக்கும். கியர் பொக்சின் நட்டைத் திறந்தால் அது வராது. தனியாக ஒரு நட், தனியாக ஊற்றும் வாய், ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் பிடிக்கும். 20 வருடமாக அதை யாருமே திறக்காத கார்கள் இருக்கும், ஆகவே கேட்டுத் திறக்கச் செய்யுங்கள். 121இலும் 2000க்குப் பிறகு வந்த நாலு கியர் ஓட்டோக்களிலும் பெரும்பாலும் ரி-4. அதற்குப் பிறகு வந்தது டபிள்யூ.எஸ்., ரி-4ஐவிட நன்றாக மெல்லியது, இரண்டையும் மாற்றி ஊற்றக்கூடாது, கலக்கவும் கூடாது. புதியதுதானே, விலையும் கூடத்தானே, ஆகவே நல்லது என்று நினைத்து 121க்கு டபிள்யூ.எஸ். ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய ஒயில் தேய்ந்த சீல்களுக்குள்ளால் அழுத்தத்தை விட்டுவிடும், கியர் பிந்தி விழும்.

நிசான் சனி எஃப்.பி. 14, 15க்கு மற்றிக்-டி. நிசானின் போத்தல் கிடைக்காவிட்டால் நல்ல டெக்ஸ்ரோன்-3 அதன் இடத்துக்குச் சரி. ஆனால் மற்றிக்-ஜே, மற்றிக்-எஸ் என்று கேட்கிற நிசான்கள் வேறு, அதற்கு டெக்ஸ்ரோன் வேண்டாம். மிட்சுபிஷி லான்சருக்குப் பழையதென்றால் எஸ்.பி-2, பிறகு வந்ததற்கு எஸ்.பி-3. எஸ்.பி-3ஐப் பழையதுக்கும் ஊற்றலாம். அந்தக் காலத்து ஹியுண்டாய், கியா கார்களும் இதையே கேட்கும், மிட்சுபிஷியின் கியர் பொக்சைத்தான் அவர்கள் அப்போது போட்டார்கள்.

ஹொண்டா தனி உலகம். மற்றவர்களைப் போல இல்லாமல், கைக்கியர் பொக்ஸ் மாதிரி நேர்த்தண்டுகளில் பற்சக்கரம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளச் வைத்திருக்கிறார்கள். அதனால் ஹொண்டாவுக்கு ஹொண்டா ஒயில்தான் என்பது என் உறுதியான எண்ணம். முந்தி இசட்-1, இப்போது அதன் இடத்தில் டி.டபிள்யூ-1, பழைய சிவிக்குக்கும் அதை ஊற்றலாம். 90களின் சிவிக்கிலும் சி.வி.ரி. உள்ளது உண்டு, அதற்கு வேறு ஒயில். அதோடு ஹொண்டாவின் பவர் ஸ்டியரிங்குக்குச் சிவப்பு ஒயில் ஊற்றவே கூடாது, அதற்கும் அவர்களுடையதே.

கடைக்குப் போவோம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் எந்தக் கடையில் ஏறினாலும் போத்தலில் ஒரு நீண்ட பட்டியல் போட்ட ஒயிலை எடுத்துத் தருவார்கள்: டெக்ஸ்ரோன், ரி-4, டபிள்யூ.எஸ்., எஸ்.பி-3, மற்றிக், இசட்-1, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. இப்படியான பொது ஒயில்கள் எல்லாம் கெட்டவை என்று சொல்ல மாட்டேன், பெயருள்ள கம்பனிகள் நன்றாகவே செய்கின்றன. ஆனால் தடிப்பான ரி-4க்கும் மெல்லிய டபிள்யூ.எஸ்.க்கும் ஒரே ஒயில் எப்படி ஒரே அளவு பொருந்தும் என்று யோசியுங்கள். பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு என் நம்பிக்கை குறையும். 121 போன்ற காருக்கு ரி-4க்கென்றே செய்த ஒயிலை வாங்குங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும். டெக்ஸ்ரோன்-2, 3 கேட்கிற பழைய கார்களுக்கு அவ்வளவு கவலை வேண்டாம், அவை பொறுமைசாலிகள்.

டெக்ஸ்ரோன்-3 வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஜெனரல் மோட்டர்ஸ் 2006இன் முடிவோடு அதற்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே இன்றைக்குக் கடையில் இருக்கிற எந்த டெக்ஸ்ரோன்-3 போத்தலையும் ஜெனரல் மோட்டர்ஸ் பார்த்துச் சோதித்து விடவில்லை, செய்த கம்பனியின் சொல்லை நம்பித்தான் வாங்குகிறோம். அதனால் தெரியாத பெயரில் மலிவாகக் கிடைப்பதை விட்டுவிடுங்கள். டெக்ஸ்ரோன்-6 ஐ டெக்ஸ்ரோன்-3இன் இடத்தில் ஊற்றலாம் என்று ஜெனரல் மோட்டர்ஸ் சொல்கிறது. அது மெல்லியது. நன்றாக இருக்கிற பொக்ஸ் என்றால் பரவாயில்லை, இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடி ஏற்கெனவே கசிகிற பொக்ஸ் என்றால் நான் டெக்ஸ்ரோன்-3ஓடுதான் நிற்பேன். ட்ரம்மில் இருந்து தண்ணிப் போத்தலுக்குள் ஊற்றித் தருவதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். மூடியின் கீழ் உள்ள சீல் கிழியாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள். சறுக்கலை நிறுத்தும், கசிவை நிறுத்தும் என்று விற்கிற சின்னப் போத்தல்கள் வேண்டாம், ஒயிலின் அளவான இரசாயனத்தைக் குழப்புவதைத் தவிர அவை நீண்ட நாளுக்கு எதுவும் செய்வதில்லை.

மாற்றுவதற்கு முன் உள்ளே இருப்பது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பியை ஒரு வெள்ளைத் துணியில் துடையுங்கள். சிவப்பாகவோ கொஞ்சம் பழுப்பாகவோ இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய மணம் அடித்தால் கிளச் தட்டு எரிந்திருக்கிறது. கியர் ஏற்கெனவே சறுக்குகிறது, ரிவேர்ஸ் போட்டால் மூன்று நொடி கழித்துத்தான் பிடிக்கிறது என்ற நிலையில் ஒயில் மாற்றினால் பொக்ஸ் சுகமாகாது, அந்தக் காசை ரிப்பேருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். மாற்றியதால்தான் பொக்ஸ் போனது என்று ஊரில் சொல்கிற கதைகளில் பல இப்படி ஏற்கெனவே போன பொக்சுகள்.

பாலில் ரோஸ் சிரப் கலந்ததுபோல ஒயில் இளஞ்சிவப்பாகக் கலங்கி இருந்தால் தண்ணி போயிருக்கிறது. இதைப் பற்றி நம்மவர்களுக்கு நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஓட்டோ கியர் ஒயில் குளிர்வதற்காகக் குழாய் வழியாக றேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் போய் வருகிறது. ஒயிலும் தண்ணியும் ஒரு மெல்லிய உலோகச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கின்றன. நம் நிலத்தின் அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணி கடினமானது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தீவுப் பக்கம் என்றால் அதோடு உப்பும். அந்தத் தண்ணியை வருடக்கணக்காக றேடியேட்டருக்குள் ஊற்றினால் படிவதும் அரிப்பதும் உள்ளே நடக்கும், சுவர் ஓட்டையானால் ஒரே நாளில் இரண்டும் கலந்துவிடும். கிளச் தட்டின் பூச்சு ஒட்டியிருக்கும் பசை தண்ணியில் இளகி உரியத் தொடங்கும். ஓட்டோ காரின் றேடியேட்டருக்கு ஒருபோதும் கிணற்றுத் தண்ணி வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள், கலக்க வேண்டியிருந்தால் பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணியில் கலவுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளத்துக்குள் ஓடி வந்த காரிலும் இப்படிக் கலங்கல் வரும், காற்றுப் போகும் சின்னத் துவாரம் வழியாகத் தண்ணி ஏறுகிறது. கலங்கலைக் கண்டால் காரை எடுக்க வேண்டாம், கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம், எஞ்சின் ஓடாவிட்டால் உள்ளே ஒயில் ஓடாது, சில்லு மட்டும் சுற்றினால் உள்ளே காய்ந்து தேயும். முன் சில்லில் இழுக்கும் கார் என்றால் முன்பக்கத்தைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி மாற்றும் முறை. பழைய காருக்கு மெஷின் பூட்டி அழுத்தத்தில் கழுவி எடுப்பதை நான் விரும்புவதில்லை, அடியில் தூங்கிக் கிடக்கும் அழுக்கைக் கிளப்பி வால்வுகளுக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். கீழ் நட்டைத் திறந்து வடியவிட்டு, வடிந்த அளவை ஊற்றுவதுதான் பாதுகாப்பு. ஆனால் வடிவது முழுவதும் இல்லை, மீதி கொன்வேர்ட்டருக்குள் நின்றுவிடும். 7 லீற்றர் பிடிக்கிற பொக்சில் ஏறக்குறைய 3 லீற்றர் வடியும் என்று வைத்தால், முதல் தடவைக்குப் பிறகு 4 லீற்றர் பழையது உள்ளே நிற்கும், இரண்டாம் தடவைக்குப் பிறகு 2.3, மூன்றாம் தடவைக்குப் பிறகு 1.3. பிழையான ஒயிலை வெளியே எடுக்க எங்களுக்கு மூன்று தடவை தேவைப்பட்டது இதனால்தான். சரியான ஒயில்தான் உள்ளே இருக்கிறது, வயது மட்டும்தான் போய்விட்டது என்றால் இரண்டு தடவை போதும். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருநூறு, முந்நூறு கிலோமீற்றர் ஓட்டுங்கள், கொழும்புக்குப் போகிற அலுவல் இருந்தால் அதையே நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

கார் கொஞ்சம் சூடாக இருக்கும்போது, மட்டமான இடத்தில் நிறுத்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்ராண்ட் வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு நட்டைத் திறவுங்கள். எஞ்சின் ஒயில் நட்டும் பக்கத்திலேயே இருக்கும், பிழையானதைத் திறந்து எஞ்சின் ஒயிலை வடித்துவிட்டு, கியர் பொக்சில் இன்னும் மூன்று லீற்றர் மேலதிகமாக ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். வடிந்ததை ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல்களில் ஊற்றி அளவைக் குறியுங்கள். நட்டுக்குப் புது வாஷர். கியர் பொக்சின் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தம் ஒட்டியிருக்கும், அதில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது இயல்பு, நகத்தில் குத்துகிற உலோகத் துண்டு இருந்தால் அதைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு செலவு செய்யலாமா என்று முடிவெடுக்க வேண்டும். வடிந்த அளவையே, கம்பி வந்த குழாய்க்குள் நீண்ட புனல் வைத்து மெல்ல ஊற்றுங்கள். ஊற்றி முடியாமல் எஞ்சினை ஸ்ராட் பண்ண வேண்டாம்.

அளவு பார்ப்பதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள், கம்பனிக்குக் கம்பனி முறை வேறு. டொயோட்டாவில் இருபது நிமிடம்போல ஓடி நன்றாகச் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கில் காலை வைத்து லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை கொண்டுபோய்த் திரும்பப் பார்க்கில் வைத்து, அப்போது கம்பியை எடுத்துத் துடைத்து மீண்டும் போட்டு எடுத்துச் சூடு என்று குறித்த இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மிட்சுபிஷியில் எஞ்சின் ஓட, லீவர் நியூட்ரலில். ஹொண்டாவில் நேர்மாறு: சூடாக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். கூட ஊற்றினாலும் கெடுதல்தான், உள்ளே சுற்றுகிறவை ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரையில் அழுத்தம் வராது. துடைக்கிற துணி நூல் உதிராததாக இருக்கட்டும், ஒரு நூல் போய் வால்வில் சிக்கினால் போதும்.

வடித்த பழைய ஒயிலை வளவின் மூலையில் ஊற்றாதீர்கள். நம் நிலத்தில் மேலே ஊற்றுவது கல் வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்குத்தான் இறங்கும், சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தை நாம் மறக்கவில்லை. மூடியுள்ள ஒரு கலனில் ஊற்றி மூடி, பழைய ஒயில் சேர்க்கிற கராஜில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சின்னத் தாளில் ஒயிலின் பெயர், மாற்றிய திகதி, மீற்றர் காட்டிய கிலோமீற்றர் மூன்றையும் எழுதி, செலோரேப்பால் மூடி பொனட்டின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எங்கள் 121இல் சிவப்புப் பேனையால் "ரி-4 மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. போன மாதம் வேறு வேலைக்காக விட்ட இடத்தில், "அண்ணை, கியர் பொக்ஸ் ஒயில் கொஞ்சம் குறைவாக் கிடக்கு, எங்களிட்ட ரி-4 இல்லை, வாங்கிக்கொண்டு வாறீங்களோ?" என்று தம்பி ஒருவர் போன் எடுத்துக் கேட்டார்.